நாற்பத்தேழு சென்டிமீட்டரின் முகவரிகள்

2015 டிசம்பர் 2, காலை 8.30 மணி. பூந்தமல்லியை அடுத்த செம்பரம்பாக்கத்தில் ஓர் எண் பிறந்தது: 47. முந்தைய நாள் காலை 8.30 தொடங்கி அந்த நிமிடம் வரை ஏரிப் பகுதியில் பெய்த மழை, சென்டிமீட்டரில். அதே காலையில் தாம்பரம் 49 என்றது, நுங்கம்பாக்கம் 29 என்றது. நகரமெங்கும் இடுப்பளவு, கழுத்தளவு என்று தண்ணீரை உடம்பால் அளந்துகொண்டிருந்த நேரத்தில், மழைமானிகள் மட்டும் அதைச் சென்டிமீட்டரில் சொல்லின.

அந்த எண்ணைக் கொஞ்சம் கையில் எடுத்துப் பார்க்கலாம். மழைமானியின் வாய் 200 சதுர சென்டிமீட்டர் என்றால், 47 செ.மீ. மழைக்கு உள்ளே சேர்வது 9.4 லிட்டர் தண்ணீர். வழக்கமான மழைக்கு வைக்கும் 2 லிட்டர், 4 லிட்டர் பாட்டில்கள் அதற்குப் போதாது. பெரிய 10 லிட்டர் பாட்டிலே கிட்டத்தட்ட நிரம்பிவிடும். அதைக் கண்ணாடி அளவுகுவளையில் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி, ஒவ்வொரு தடவையும் குறித்து, கூட்டி எழுத வேண்டும். பிறந்தபோதே கனமான குழந்தை.

இந்தக் கட்டுரை அந்த எண்ணின் வாழ்க்கைக் கதை. பேரேட்டில் ஏறிய எண் எழுதிய இடத்திலேயே இருந்துவிடுவதில்லை. நாளிலிருந்து மாதத்துக்கு, மாதத்திலிருந்து ஆண்டுக்கு, ஆண்டிலிருந்து 30 ஆண்டுச் சராசரிக்கு என்று குடிபெயர்கிறது. ஒவ்வொரு வீட்டிலும் அதற்கு வேறு முகவரி. அந்த முகவரியைச் சரியாக எழுதுவதற்கென்றே புள்ளியியலில் ஒரு கணக்கு இருக்கிறது. பன்னிரண்டாம் வகுப்பில் காலத்தொடர் வரிசைப் பாடம் படித்தவர்களுக்கு அதன் பெயர் நினைவிருக்கும்: மையப்படுத்தப்பட்ட நகரும் சராசரி.

முதல் முகவரி: தேதி

எண்ணின் முதல் இடப்பெயர்ச்சி பிறந்த அன்றே நடந்துவிட்டது. அந்த மழையில் பெரும்பகுதி கொட்டியது டிசம்பர் 1 பகலிலும் இரவிலும். ஆனால் வானிலைத் துறையின் நாள் நள்ளிரவில் முடிவதில்லை, காலை 8.30க்கு முடிகிறது. முடிகிற தேதியே பதிவின் தேதி. ஆகவே செவ்வாய்க்கிழமை பெய்த மழை புதன்கிழமைக் கணக்கில் ஏறியது. எல்லா நிலையங்களும் இதே வழக்கத்தைப் பின்பற்றுவதால் ஒப்பிடுவதில் சிக்கல் இல்லை. ஆனால் மழைப் பதிவையும் ஏரியின் நீர்வெளியேற்றப் பதிவையும் தேதியை மட்டும் பார்த்துப் பக்கத்தில் பக்கத்தில் வைப்பவர் ஏமாறுவார். டிசம்பர் 1 அன்று செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து அடையாற்றில் திறந்துவிடப்பட்ட தண்ணீர் படிப்படியாக உயர்ந்து வினாடிக்கு 29,000 கன அடியை எட்டியது. தேதிப்படி பார்த்தால் முதல் நாள் தண்ணீரைத் திறந்துவிட்டு மறுநாள் மழை பெய்ததுபோலத் தோன்றும்.

எனவே ஓர் எண்ணைப் படிக்கும்போது கேட்க வேண்டியவை இரண்டு. அது எத்தனை? எந்தக் காலத் துண்டைக் குறிக்கிறது, அந்தத் துண்டின் எந்த இடத்தில் அதை எழுதி வைத்திருக்கிறார்கள்? இரண்டாவதைக் கேட்க மறந்தால் முதலாவதற்கு மதிப்பில்லை.

இரண்டாவது முகவரி: மாதம்

அடுத்து நம் எண் 470 மி.மீ. ஆகி, டிசம்பர் 2015 என்ற பெட்டிக்குள் போனது. அந்த மாதத்தின் மற்ற நாட்கள் என்ன பெய்தாலும் அதோடு கூட்டப்பட்டது. மாதப் பெட்டிக்குள் போனபின் எந்த நாள், எந்த இரவு என்பது தெரியாது. இப்படித்தான் நுங்கம்பாக்கத்தின் 2015 நவம்பர் 1,049 மி.மீ. என்ற ஒரே எண்ணாக நிற்கிறது. 1918 நவம்பரின் 1,088 மி.மீ.க்குப் பிறகு அவ்வளவு பெரிய நவம்பரை அந்த நிலையம் கண்டதில்லை.

மாதக் கணக்கு வந்ததும் ஒரு புதுத் தொல்லை. சென்னையின் ஆண்டு மழை ஏறத்தாழ 1,400 மி.மீ. அதை 12ஆல் வகுத்தால் மாதத்துக்கு 117 மி.மீ. வருகிறது. ஆனால் எந்த மாதமும் அப்படி நடந்துகொள்வதில்லை. ஆண்டு மழையில் ஏறத்தாழ 60 விழுக்காட்டை அக்டோபர், நவம்பர், டிசம்பர் மூன்றும் எடுத்துக்கொள்கின்றன. ஐப்பசி அடைமழை, கார்த்திகை கனமழை என்பது நமக்குப் பழக்கம். ஜனவரி முதல் ஏப்ரல் வரை வானம் வெறுமனே கிடப்பதும் பழக்கம். அப்படியானால் மாத மழையை வரிசையாக வரைந்தால் கிடைப்பது ஆண்டுக்கொரு மலை, ஆண்டுக்கொரு பள்ளம். மொத்தத்தில் மழை கூடுகிறதா குறைகிறதா என்பது அந்த மலைகளுக்குப் பின்னால் மறைந்துவிடும்.

மூன்றாவது முகவரி: பன்னிரண்டு பேர்

பருவத்தின் ஆட்டத்தை அடக்க ஒரு வழி உண்டு. அடுத்தடுத்த 12 மாதங்களை எடுத்துச் சராசரி காண்பது. பிறகு ஒரு மாதம் நகர்ந்து மறுபடியும் 12. பூந்தமல்லியில் கிளம்பும் ஷேர் ஆட்டோபோல: ஒருவர் ஏறினால் ஒருவர் இறங்குவார், உள்ளே இருப்பவர்கள் எண்ணிக்கை மாறாது. ஜனவரி முதல் டிசம்பர் வரையிலான கூட்டத்தில் பழைய ஜனவரி இறங்க, புதிய ஜனவரி ஏறுகிறது.

12 என்பது ஆசைக்கு எடுத்த எண் அல்ல. எந்த 12 மாதத்தை வெட்டி எடுத்தாலும் அதில் ஒரே ஒரு நவம்பர், ஒரே ஒரு ஏப்ரல் இருக்கும். ஆகவே பருவம் தன்னைத்தானே அடித்துக்கொண்டு போய்விடும். 10 மாதம் எடுத்தால் சில தடவை மூன்று மழை மாதங்களும் உள்ளே சிக்கும், சில தடவை ஒன்றிரண்டு வெளியே நிற்கும். பருவத்தை நீக்கப் போட்ட கணக்கே புதிதாக ஒரு ஆட்டத்தைக் கிளப்பிவிடும். சராசரிக்கு எடுக்கும் காலத் துண்டுக்கு ஜன்னல் என்று பெயர். ஜன்னலின் நீளமும் சுழற்சியின் நீளமும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பதுதான் விதி. இங்கிலாந்தில் 1901இல் ஆர். எச். ஹூக்கர், திருமண எண்ணிக்கைக்கும் வணிகத்துக்கும் உள்ள உறவைத் தேடியபோது 9 ஆண்டு நகரும் சராசரியை எடுத்தார். வணிக ஏற்ற இறக்கம் அங்கே ஏறத்தாழ 9 ஆண்டுக்கொருமுறை சுழன்றது என்பதே காரணம். சராசரியை நடு ஆண்டுக்கு நேரே வைத்து, ஒவ்வோர் ஆண்டும் அதிலிருந்து எவ்வளவு விலகுகிறது என்று பார்த்தார்.

சராசரி வந்துவிட்டது. அதை எந்த மாதத்துக்கு நேரே எழுதுவது? நம் கதையின் திருப்பம் இங்கேதான்.

கைக்கு எளிய வழி, கடைசி மாதத்துக்கு நேரே எழுதிவிடுவது. 2015 ஜனவரி முதல் டிசம்பர் வரையிலான சராசரியை டிசம்பருக்கு நேரே போடுவது. பங்குச் சந்தைக்காரர்கள் செய்வது இதுதான். அதில் ஒரு வசதி, விடை இன்றைக்கே கிடைக்கும். ஒரு கோளாறும் உண்டு, அந்தச் சராசரி டிசம்பரின் நிலையைச் சொல்வதில்லை. 12 மாதங்களின் நடுவின் நிலையைச் சொல்கிறது. ஐந்தரை மாதம் பழைய செய்தியை இன்றைய தேதியிட்டு அனுப்புகிறது. மழை உச்சத்தைத் தொட்டது ஒரு மாதம் என்றால், இந்தக் கோட்டில் உச்சம் அரை ஆண்டு தள்ளித் தெரியும்.

அப்படியானால் நடுவிலேயே எழுதலாமே? எழுதலாம், ஆனால் நடு எங்கே? 12 இரட்டை எண். ஜனவரி முதல் டிசம்பர் வரையிலான வரிசையின் நடு, ஜூனுக்கும் ஜூலைக்கும் இடையில் விழுகிறது. எந்த மாதத்தின் மீதும் அது உட்காராது. பட்டியலில் அதற்கு வரிசையே கிடையாது.

தீர்வு எளிமையானது. ஜனவரி முதல் டிசம்பர் வரை ஒரு சராசரி, அதன் இடம் ஜூன், ஜூலைக்கு இடையில். பிப்ரவரி முதல் அடுத்த ஜனவரி வரை இன்னொரு சராசரி, அதன் இடம் ஜூலை, ஆகஸ்டுக்கு இடையில். இரண்டையும் கூட்டி இரண்டால் வகுத்தால் விடை சரியாக ஜூலையின் மேல் வந்து உட்காரும். சராசரிக்கு ஒரு சராசரி. விரித்துப் பார்த்தால் இதில் 13 மாதங்கள் பங்கேற்கின்றன. நடுவிலுள்ள 11 மாதங்களுக்கு 12இல் ஒரு பங்கு, இரு ஓரங்களிலும் நிற்கும் மாதங்களுக்கு 24இல் ஒரு பங்கு. ஓரத்து இரண்டும் ஒரே பெயருள்ள மாதங்கள், இந்த ஆண்டு ஜனவரியும் அடுத்த ஆண்டு ஜனவரியும். இரண்டு அரைகள் சேர்ந்து ஒரு முழு ஜனவரி. பருவக் கணக்கு கெடவில்லை, நடுவும் கிடைத்துவிட்டது.

நம் எண் இந்த வீட்டில் என்ன ஆகிறது? டிசம்பர் 2015இன் 470 மி.மீ. இப்போது 13 மாதங்களில் தலைகாட்டுகிறது. 2015 ஜூனில் 19.6 மி.மீ. ஜூலை தொடங்கி 2016 மே வரை மாதத்துக்கு 39.2 மி.மீ. 2016 ஜூனில் மறுபடி 19.6 மி.மீ. எல்லாவற்றையும் கூட்டினால் அதே 470. ஒரு சொட்டும் வீணாகவில்லை, ஆனால் ஓர் இரவின் மழை ஓர் ஆண்டின் மீது பரப்பப்பட்டுவிட்டது.

கவனிக்க வேண்டியது, 2015 ஜூன். செம்பரம்பாக்கத்தில் அந்த மழை பெய்வதற்கு ஆறு மாதம் முன்பே, அதன் பங்கு ஜூன் மாதச் சராசரியில் ஏறிவிட்டது. வரைபடத்தைப் பார்ப்பவருக்குக் கோடு ஜூனிலேயே மேலே கிளம்புவது தெரியும். ஏதோ முன்னறிவிப்புபோல. ஆனால் அந்த ஜூன் புள்ளியை ஜூனில் யாரும் வைத்திருக்க முடியாது. டிசம்பர் முடிந்தபிறகு, திரும்பிப் போய் வைத்த புள்ளி அது.

அந்தக் குடும்பத்தின் முன்னோர்

இந்த 13 மாதக் கணக்கு மழைக்கென்று பிறந்ததல்ல. அதன் மிகப் பழைய, இன்றும் உயிரோடிருக்கும் பயனாளி சூரியன். சூரிச்சில் ருடால்ஃப் வுல்ஃப் ஒழுங்குபடுத்திய சூரியக் கரும்புள்ளி எண்ணிக்கையை மாதம் மாதம் வரைந்தால் கோடு நடுங்கும். அதனால் 13 மாத மென்கோட்டை, ஓரங்களுக்கு அரைப் பங்கு கொடுத்து வரைவது வழக்கமாயிற்று. இப்போது அந்த எண்ணிக்கையைப் பராமரிப்பது பிரஸ்ஸல்ஸ். சூரியச் சுழற்சி எந்த மாதம் உச்சத்தைத் தொட்டது, எந்த மாதம் அடிமட்டத்தை அடைந்தது என்பதை அந்த மென்கோடுதான் தீர்மானிக்கிறது. 2019 டிசம்பரில் சூரியன் அடிமட்டத்தைத் தொட்டது என்று பன்னாட்டு அறிவியல் குழு அறிவித்தது 2020 செப்டம்பரில். நடுவைக் கண்டுபிடிக்க இரண்டு பக்கமும் ஆறு மாதம் வேண்டும் என்பதால் வந்த காத்திருப்பு.

கரும்புள்ளிக்கும் சென்னை மழைக்கும் ஒரு பழைய வழக்கு உண்டு. 1876 தொடங்கி 1878 வரை சென்னை மாகாணத்தைப் பஞ்சம் தின்றது. அந்தப் பஞ்சத்தின் நடுவில், 1877இல், இந்திய அரசின் புள்ளியியல் தலைமை இயக்குநர் வில்லியம் வில்சன் ஹண்டர், தென்னிந்தியாவின் வறட்சி, பஞ்சச் சுழற்சி பற்றி ஒரு நூல் வெளியிட்டார். கையில் இருந்தது சென்னை வானாய்வகத்தின் மழைப் பதிவு, 1813இலிருந்து. 11 ஆண்டுச் சூரியச் சுழற்சியில் எந்த ஆண்டு எங்கே விழுகிறது என்று மழையை அடுக்கி, அடுக்குவாரியாகச் சராசரி எடுத்தார். கரும்புள்ளி குறையும் காலத்தில் மழையும் குறைகிறது என்றார். லண்டனில் அது பெரிய பேச்சாயிற்று. பஞ்சத்தை முன்கூட்டியே சொல்லிவிடலாம் என்ற ஆசை யாருக்குத்தான் இருக்காது?

பின்னால் வந்த கில்பர்ட் வாக்கர், 1904 முதல் 1924 வரை இந்திய வானாய்வகங்களின் தலைமை இயக்குநராக இருந்தவர், கணக்கைக் கறாராகப் போட்டார். மழையை முன்சொல்லும் அளவுக்குக் கரும்புள்ளியிடம் வலுவான தொடர்பு கிடைக்கவில்லை. அந்தத் தேடலின் வழியில்தான் பசிபிக் பெருங்கடலின் இரு கரைகளுக்கும் இடையே காற்றழுத்தம் மாறி மாறி ஏறி இறங்குவதைக் கண்டு, அதற்குத் ‘தெற்கத்திய ஊசல்’ என்று பெயரிட்டார்.

மாஸ்கோவில் 1927இல் யெவ்கேனி ஸ்லுட்ஸ்கி நகரும் சராசரியின் இன்னொரு பக்கத்தைக் காட்டினார். அரசு லாட்டரியில் விழுந்த எண்களை எடுத்தார். அவற்றில் எந்த ஒழுங்கும் இருக்க நியாயமில்லை. அவற்றுக்கு நகரும் கூட்டுத்தொகை போட்டார். அலைகள் எழுந்தன, பொருளாதார ஏற்ற இறக்கம்போலவே ஒழுங்கான அலைகள். காரணத்தை நம் 47ஐ வைத்தே புரிந்துகொள்ளலாம். ஒரே ஓர் இரவின் மழை, 13 மாதத்துக்கு ஒரு மேடாக நீள்கிறது. 2016 ஜனவரி முதல் ஏப்ரல் வரையிலான வறண்ட மாதங்களும் அந்த மேட்டின்மேல் நிற்கின்றன. பக்கத்துப் புள்ளிகள் எல்லாம் ஒரே மழையைப் பங்கிட்டுக்கொள்வதால் ஒன்றுக்கொன்று உறவினர்போலத் தெரிகின்றன. மென்கோட்டில் அலை தெரிந்தால் அது வானத்தில் இருந்ததா, கணக்கில் பிறந்ததா என்று கேட்டாக வேண்டும்.

மேடு ரொம்பத் தட்டையாக இருக்கிறதே என்று பங்குகளை மாற்றிப் பார்த்தவர்களும் உண்டு. 1904இல் ஆயுள் காப்பீட்டுக் கணக்காளர் ஜான் ஸ்பென்சர், இறப்பு விகிதங்களைச் சீராக்க 15 உறுப்புச் சராசரி ஒன்றைத் தந்தார். அதில் நடுவுக்கு 320இல் 74 பங்கு, விலக விலகக் குறைந்து, ஓரங்களில் பூஜ்யத்துக்கும் கீழே போகிறது. அதை நம் எண்ணுக்குப் போட்டால் 2015 டிசம்பரில் 108.7 மி.மீ. கூர்மையாக எழும்பும். ஆனால் ஆறு மாதம் தள்ளி, 2015 ஜூனிலும் 2016 ஜூனிலும் 8.8 மி.மீ. கழிக்கப்படும். ஓர் இரவு நிறையப் பெய்த குற்றத்துக்காக ஆறு மாதம் தள்ளியிருக்கும் மாதத்தின் கணக்கில் தண்டம். பருவமும் முழுதாக அடிபட்டுப் போகாது. வளைவான உச்சத்தைக் காப்பாற்றும் அந்தக் கணக்கு வேறு வேலைக்கானது. பருவத்தை நீக்க இன்றும் 12ஐ மையப்படுத்துவதே முதல் படி. அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பு அலுவலகம் 1965இல் வெளியிட்ட எக்ஸ்-11 முறையும் அங்கிருந்துதான் தொடங்குகிறது.

ஓரத்தில் நிற்பவர்கள்

மையச் சராசரியின் நேர்மைக்கு ஒரு விலை உண்டு. பட்டியலின் முதல் ஆறு மாதமும் கடைசி ஆறு மாதமும் காலி. முதல் ஆறு போனால் யாருக்கும் கவலையில்லை, அது பழங்கதை. கடைசி ஆறுதான் நாம் வாழும் காலம்.

செம்பரம்பாக்கம் ஏரியின் முழு ஆழம் 24 அடி, கொள்ளளவு 3,645 மில்லியன் கன அடி. ஷட்டரை எப்போது, எவ்வளவு தூக்குவது என்று முடிவெடுப்பவர் முன் இருப்பது இன்றைய நீர்மட்டம், இப்போதைய வரத்து, வரப்போகும் மழை பற்றிய ஓர் ஊகம். அவருக்கு வலப்பக்கத்து ஆறு மாதம் கிடையாது, ஆறு மணி நேரமும் கிடையாது. 2015இல் நீர் திறப்பு நடந்த விதத்தைக் கணக்குத் தணிக்கைத் துறை கடுமையாக விமர்சித்தது. அந்த அறிக்கை 2018இல் சட்டமன்றத்தில் வைக்கப்பட்டது. திரும்பிப் பார்ப்பவருக்கு இரண்டு பக்கமும் தெரியும். ஷட்டர் மேடையில் நின்றவருக்கு ஒரு பக்கம்தான் தெரிந்தது. இதைச் சொல்வது யாரையும் விடுவிப்பதற்காக அல்ல. அந்த மேடைக்கு வேறு கருவி வேண்டும்: மணிக்கு மணி மழை, நீர்வரத்துக் கணிப்பு, முன்கூட்டியே இடம் ஒதுக்கிவைக்கும் விதி. சராசரிக் கோடு எவ்வளவு நேர்த்தியானதானாலும் அங்கே உதவாது.

இதே ஓரச் சிக்கலை 2020, 2021 ஆண்டுகளில் ஊரே பார்த்தது, மழையில் அல்ல, கொரோனா தொற்றில். அம்பத்தூரை ஒட்டிய அயப்பாக்கத்தில் தேசிய நோய்ப்பரவலியல் நிறுவனம் இருக்கிறது. ஆவடியில் இயங்கிய தொழுநோய்க் களப்பிரிவும் சென்னையின் மருத்துவப் புள்ளியியல் ஆய்வு நிறுவனமும் 1999இல் இணைந்து உருவானது. அந்தத் துறைக்காரர்களுக்குக் கிழமை ஒரு பருவம். விடுமுறை நாளில் பரிசோதனை குறையும், அடுத்த நாட்களில் தேங்கியது சேர்ந்து வரும். அதனால் ஜன்னல் 7 நாள். 7 ஒற்றை எண், நடு தானாகவே நான்காவது நாளின்மேல் விழுகிறது, அரைப் பங்கு வித்தை எதுவும் தேவையில்லை. ஆனால் மையப்படுத்தினால் கடைசி மூன்று நாள் காலி. நாளிதழ்களோ இன்றைய தேதிக்கு ஓர் எண் கேட்கும். அதனால் பெரும்பாலும் பின்னோக்கிய சராசரியே அச்சேறியது, மூன்று நாள் பழைய உண்மை இன்றைய தேதியில். அலை இறங்கத் தொடங்கியபின்னும் கோடு ஏறிக்கொண்டிருந்ததற்கு ஒரு காரணம் அது.

உலகக் கடலிலும் இதே கதை. 2015இல் பசிபிக்கில் பெரிய எல் நினோ. அதை அளக்கும் குறியீடு, கடல் மேற்பரப்பு வெப்ப விலகலின் மூன்று மாத மையச் சராசரி. நவம்பர், டிசம்பர், ஜனவரி மூன்றும் சேர்ந்த எண் டிசம்பரின்மேல் உட்காரும். 2015இன் முடிவில் அது 2.6 டிகிரியைத் தொட்டது. அந்த எண் முழுமையாகக் கைக்கு வர ஜனவரி முடிய வேண்டும். அதற்குள் அடையாற்றில் வெள்ளம் வடிந்து, வீடுகளில் சேற்றைக் கழுவி முடித்திருந்தார்கள்.

நீண்ட ஜன்னல்

நம் எண் இன்னும் பெரிய வீடுகளுக்குக் குடிபோனது. 2015 முதல் 2019 வரை ஐந்தாண்டுச் சராசரி எடுத்தால், அதன் மையம் 2017. அந்த ஐந்துக்குள் என்னவெல்லாம் இருக்கிறது? 2015 வெள்ளம். 2016இல் தமிழகத்தின் வடகிழக்குப் பருவமழை 60 விழுக்காட்டுக்கும் மேல் பொய்த்தது. வர்தா புயல் வந்தும் மாநிலத்தின் பற்றாக்குறை தீரவில்லை. 2018இல் சென்னையில் அதே பருவம் வழக்கத்தில் பாதியைக்கூடத் தொடவில்லை. 2019 கோடையில் செம்பரம்பாக்கம் வறண்டு தரை வெடித்துக் கிடந்தது. அந்த ஜூலை 12ஆம் தேதி ஜோலார்பேட்டையிலிருந்து 50 டேங்கர் வேகன்களில் 25 லட்சம் லிட்டர் தண்ணீர் ரயிலில் வந்தது. ஆவடியையும் அம்பத்தூரையும் கடந்து வில்லிவாக்கத்தில் இறங்கியது. நான்கு ஆண்டு முன்பு மோட்டார் வைத்துத் தண்ணீரை வெளியேற்றிய ஊர்கள் அவை.

ஐந்தாண்டுச் சராசரி இந்த இரண்டையும் ஒன்றாகக் கரைத்து, 2017க்கு நேரே ஓர் அடக்கமான எண்ணை வைக்கும். பொய் அல்ல அது. ஆனால் அதில் வெள்ளமும் இல்லை, வறட்சியும் இல்லை. ஏரியின் நீண்டகாலத் தண்ணீர்த் தேவையைத் திட்டமிடுபவருக்கு அது பயன்படும். கலங்கல் எவ்வளவு அகலம் வேண்டும் என்று கேட்பவருக்குச் சராசரி தேவையே இல்லை. அவருக்கு வேண்டியது 47 என்ற அந்தப் பழைய முழு எண்.

கடைசியாக, நம் எண் குடியிருக்கும் ஆகப் பெரிய வீடு 30 ஆண்டுச் சராசரி. வானிலை அறிக்கையில் ‘இயல்பு’ என்று சொல்லப்படுவது இத்தகைய நீண்ட சராசரியைத்தான். உலக வானிலை அமைப்பின் தற்போதைய 30 ஆண்டுக் காலம் 1991 முதல் 2020 வரை. அதில் நம் 470 மி.மீ. டிசம்பர் இயல்புக்கு 15.7 மி.மீ. கூட்டுகிறது. 30உம் இரட்டை எண். அதன் நடு 2005க்கும் 2006க்கும் இடையில். அதாவது 1991 முதல் 2020 வரையிலான சராசரி, உள்ளபடி 2005 முடிவின் வானிலையைச் சொல்கிறது. அடுத்த திருத்தம் வரும்வரை அதையே இன்றைய அளவுகோலாக வைத்து, இந்த மாதம் இயல்பைவிட இத்தனை விழுக்காடு அதிகம் என்று படிக்கிறோம். 2030இல் அந்த அளவுகோலின் மையம் 25 ஆண்டு பழையதாகியிருக்கும். எல் நினோ குறியீட்டைக் கணக்கிடுபவர்கள் இதற்காகவே 30 ஆண்டு அடிப்படையையும் மையப்படுத்தி, ஐந்து ஆண்டுக்கொருமுறை நகர்த்துகிறார்கள். அண்மை ஆண்டுகளுக்கு மட்டும் வேறு வழியின்றிப் பழைய ஜன்னலோடு சமாளிக்கிறார்கள்.

பத்தாண்டுக்கொருமுறை இயல்பு திருத்தப்பட்டால், 2001 முதல் 2030 வரையிலான கணக்கிலும், 2011 முதல் 2040 வரையிலான கணக்கிலும் நம் எண் இருக்கும். 2021 முதல் 2050 வரையிலான கணக்கில் இருக்காது. அந்தத் திருத்தத்தில் செம்பரம்பாக்கத்தின் டிசம்பர் இயல்பு 15.7 மி.மீ. இழக்கும். புதிதாக ஏறுபவர்கள் அதை ஈடுகட்டினால் உண்டு. ஈடுகட்டாவிட்டால், மழை குறைந்துவருகிறது என்று யாராவது எழுதுவார்கள். நகரும் சராசரி இறங்குவதற்கு இரண்டு காரணம் இருக்கலாம்: வந்தது சிறியது, அல்லது போனது பெரியது. கோட்டை மட்டும் பார்ப்பவருக்கு இந்த வேறுபாடு தெரியாது.

ஆகவே நகரும் சராசரி வரைந்த எந்தத் தாளிலும் மூன்று விவரங்கள் இருக்க வேண்டும். ஜன்னலின் நீளம் என்ன, விடை ஜன்னலின் நடுவில் எழுதப்பட்டதா கடைசியிலா, ஓரங்களில் என்ன செய்தார்கள். இவை இல்லாமல் வரும் மென்கோட்டை நம்ப வேண்டியதில்லை. நான்காவதாக ஒன்றும் வேண்டும். கோட்டின் கீழே மூல எண்கள் புள்ளிகளாக நிற்க வேண்டும். பன்னிரண்டு மாதச் சராசரியிலிருந்து ஓர் இரவின் மழையைத் திரும்பப் பிரித்தெடுக்க எந்தக் கணக்காலும் முடியாது. 2015 டிசம்பர் 2 அன்று காலையில் எழுதிய பதிவேட்டின் ஒரு வரியால் மட்டுமே முடியும். அடுத்த பெருமழைக்கு மதகையும் கலங்கலையும் கணக்கிடப்போகிற பொறியாளர் முதலில் கேட்கப்போவதும் அந்த வரியைத்தான்.